வார்டுக்குள்ள போனாலே எல்லாம் மறந்து போகுது: ஒரு நர்சிங் ஸ்டூடண்ட்டோட கேள்வி

கேள்வி: வணக்கம் மேடம். நான் நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். தியரியில நல்ல மார்க்தான் வாங்குறேன். ஆனா மெடிக்கல் வார்டு போஸ்டிங் ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு, தினமும் எதையாவது மறந்துடுறேன். மூணு பேஷண்ட் கொடுத்தா யாருக்கு எப்ப என்ன பண்ணணும்னு குழம்பிடுது. போன வாரம் ஒருத்தருக்கு காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துட்டு திரும்ப டெம்பரேச்சர் பார்க்கவே மறந்துட்டேன். அன்னைக்கே இன்ஸ்ட்ரக்டர் இன்னொரு பேஷண்ட் பக்கத்துல நிக்க வச்சு "இவருக்கு யூரின் அவுட்புட் எவ்வளவு"ன்னு கேட்டாங்க, வாயில ஒண்ணும் வரல, எல்லார் முன்னாடியும் திட்டிட்டாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன். பிபி பார்க்கும்போது கை நடுங்குது, சத்தமே கேக்க மாட்டேங்குது. கூட படிக்கிறவங்க எல்லாம் தைரியமா இருக்காங்க. இந்த வேலை எனக்கு ஒத்து வராதோன்னு தோணுது.

பதில்:

உன்னை நீன்னே சொல்றேன்மா, இத்தனை வருஷமா போஸ்டிங் வர்ற பிள்ளைங்கள அப்படியே கூப்பிட்டு பழகிடுச்சு, தப்பா எடுத்துக்காத.

தைரியம் இல்லன்னு எழுதியிருக்க. ஆனா நீ சொன்னதுல பாதிக்கு மேல தைரியத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. டெம்பரேச்சர் மறந்தது, யூரின் அவுட்புட் வாயில வராதது, யாருக்கு எப்ப என்னன்னு குழம்புறது, மூணுக்கும் காரணம் ஒண்ணுதான், எல்லாத்தையும் தலையிலயே சுமந்துட்டு இருக்க. மூணு பேஷண்ட்டோட மருந்து நேரம், வைட்டல்ஸ் (பிபி, நாடி, மூச்சு, டெம்பரேச்சர்), ட்ரிப்ஸ் எப்ப முடியும், யாருக்கு ஸ்கேன், யாரு வெறும் வயிறு, இதுக்கு நடுவுல ஒருத்தர் கூப்பிட்டு தலையணை கேக்குறாரு, போன் அடிக்குது, இதையெல்லாம் ஞாபகத்துல வச்சு ஓட்ட இருபது வருஷம் வேலை பார்த்த என்னாலயே முடியாது. நான் பாக்கெட்ல தாள் இல்லாம இன்னைக்கும் வார்டுக்குள்ள போறதில்ல. அதனால முதல்ல அந்த தாளைப் பத்தி பேசிடுவோம், நடுக்கத்தை அப்புறம் பார்க்கலாம், ஏன்னா தாள் சரியாச்சுன்னா நடுக்கம் பாதி தானா குறையும்.

ஒரு ஏ4 தாளை படுக்கை வசத்துல வை. மேல இருந்து கீழ பேஷண்ட்டுக்கு ஒரு வரிசை, இடமிருந்து வலம் உன் ஷிஃப்ட்டோட மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம். வரிசையோட ஆரம்பத்துல பெட் நம்பர், வயசு, என்ன வியாதி, அலர்ஜி, உடம்புல என்னென்ன மாட்டியிருக்கு (ட்ரிப்ஸ் போற ஐவி லைன், யூரின் போற கத்தீட்டர், காயத்துல இருந்து நீர் வடியுற டிரெயின், ஆக்ஸிஜன்), சாப்பிடலாமா கூடாதா, தானா எழுந்து நடப்பாரா ஆள் வேணுமா. அவ்வளவுதான். பேரு எழுதாத, எங்கயாவது விழுந்துச்சுன்னா அடுத்தவங்க கைக்கு ஒரு பேஷண்ட்டோட அந்தரங்கம் போயிடும், ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது கிழிச்சு, கான்ஃபிடென்ஷியல் பேப்பர் போடுற டப்பா இருந்தா அதுல போட்டுட்டு போ. சார்ட்டை போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கிற பழக்கம் சில பேருக்கு இருக்கு, அதுக்கு பக்கத்துலயே போகாத, அந்த ஒரு போட்டோவுக்காக படிப்பே போகலாம்.

இப்ப கட்டத்துக்கு வர்றேன், இதுதான் முக்கியம். ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்ச உடனே அந்த மணியில ஒரு குட்டி சதுரம் போடு. வேலையை செஞ்சா சதுரத்துக்குள்ள ஒரு சாய்வு கோடு. அதை சார்ட்ல எழுதின பிறகு குறுக்கால இன்னொரு கோடு, பெருக்கல் குறி மாதிரி ஆயிடும். ஏன் ரெண்டு கோடுன்னா, வார்டுல செய்யாம விடுறதை விட செஞ்சுட்டு எழுதாம விடுறதுதான் அதிகம், அடுத்த ஷிஃப்ட்காரங்க மருந்து கொடுக்கலன்னு நினைச்சு திரும்ப கொடுத்தா என்ன ஆகும்னு யோசி. ஒரு கோட்டோட நிக்கிற சதுரம் கண்ணுல பட்டா போய் எழுதிடணும்.

உன் டெம்பரேச்சர் விஷயத்துக்கு இதைப் போட்டுப் பாரு. காலையில 10 மணிக்கு பாராசிட்டமால் கொடுத்த. கொடுத்த கையோட, ட்ரேயை வைக்கிறதுக்கு முன்னாடியே, 11 மணி கட்டத்துல "டெம்ப்"னு எழுதி ஒரு சதுரம். வலி மாத்திரைக்கும் அதேதான், வாய் வழியா கொடுத்தா சுமார் ஒரு மணி நேரம் கழிச்சு, ரத்தக்குழாய் வழியா போட்டா 15ல இருந்து 30 நிமிஷத்துல போய் வலி எப்படி இருக்குன்னு கேக்கணும். எது கொடுத்தாலும் அது வேலை செஞ்சுதான்னு பார்க்குறது வரைக்கும் அந்த வேலை முடியல, அதனால கொடுக்குறப்பவே அடுத்த சதுரமும் சேர்ந்தே பிறந்துடணும். இன்ஸ்ட்ரக்டர் உன்கிட்ட கோபப்பட்டது இதுக்காகத்தான் இருக்கும், அந்த அளவுக்கு அவங்க பக்கம் நியாயம் இருக்கு. திட்டின இடம்தான் தப்பு, அதுக்கு வர்றேன்.

ஹேண்டோவர், அதாவது முந்தின ஷிஃப்ட்காரங்க பேஷண்ட்டைப் பத்தி சொல்லி ஒப்படைக்கிறது, முடிஞ்ச உடனே மருந்து ட்ராலி பக்கம் ஓடாத. முதல்ல உன் மூணு பேரையும் போய் பாரு, பேரைச் சொல்லி நான் இன்னைக்கு உங்களைப் பார்த்துக்கிறேன்னு சொல்லு, சொல்லிட்டே கண்ணால ஒரு ரவுண்ட் தலையில இருந்து கால் வரைக்கும். முழிச்சு பேசுறாரா, மூச்சு சிரமமா இருக்கா, ஆக்ஸிஜன் மீட்டர் எவ்வளவுல நிக்குது ஆர்டர்ல எவ்வளவு, கேனுலா (ட்ரிப்ஸ் ஏத்துற குழாய்) போட்ட இடம் சிவந்திருக்கா வீங்கியிருக்கா, பாட்டில்ல இன்னும் எவ்வளவு மிச்சம், யூரின் பேக்ல எவ்வளவு என்ன கலர், கையில அடையாளப் பட்டை இருக்கா, காலிங் பெல் எட்டுற தூரத்துல இருக்கா. ஒருத்தருக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது, பார்த்ததை அங்கேயே நின்னு தாள்ல போட்டுக்கோ. இன்ஸ்ட்ரக்டர் யூரின் அவுட்புட் கேட்டாங்கன்னு சொன்னியே, அந்தக் கேள்விக்கு பதில் இந்த ரவுண்ட்லயே உன் பாக்கெட்டுக்குள்ள வந்துடும். கூடவே ஒரு கணக்கும் தெரிஞ்சு வச்சுக்கோ, பெரியவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லியாவது யூரின் போகணும், 60 கிலோ இருந்தா மணிக்கு 30 மில்லி. ஆறு மணி நேரத்துல பேக்ல 100 மில்லிதான் இருக்குன்னா, 180 இருக்க வேண்டிய இடம் அது, யாரும் கேக்குறதுக்கு முன்னாடி நீயே போய் சொல்லணும். சொல்றதுக்கு முன்னாடி டியூப் மடங்கியிருக்கா, அவர் அது மேலயே படுத்திருக்காரான்னு ஒரு தடவை பார்த்துக்கோ, பாதி நேரம் அதான்.

யாரை முதல்ல பார்க்குறதுன்னு குழம்பினா ஏபிசிதான், மூச்சு வழி, மூச்சு, ரத்த ஓட்டம். ஒருத்தருக்கு டிரஸ்ஸிங் மாத்த நேரம் ஆச்சு, இன்னொருத்தர் பெட்ஷீட் ஈரம்னு சத்தம் போடுறாரு, மூணாவது ஆள் மெதுவா "நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குமா"ங்குறாரு. சத்தம் போடுறவர்கிட்டதான் கால் தானா போகும், எனக்கும் அப்படித்தான் போகும். மெதுவா பேசினவர்கிட்ட போ.

இப்ப பிபி. இதுல என் கதை ஒண்ணு சொல்லணும், சொல்லவே கூச்சமாத்தான் இருக்கு. நான் ஸ்டூடண்ட்டா இருந்தப்ப ஆபரேஷன் முடிஞ்சு வந்த ஒரு அம்மாவுக்கு பிபி பார்க்கச் சொன்னாங்க. கையில சுத்துற பட்டையை, அதான் கஃப்பை, கட்டினேன், காத்தடிச்சேன், ஒண்ணும் கேக்கல. திரும்ப அடிச்சேன், கேக்கல. பக்கத்துல ஸ்டாஃப் நிக்கிறாங்க, கேக்கலன்னு சொல்ல வெட்கம், 120/80ன்னு எழுதிட்டேன். கொஞ்ச நேரத்துல அந்த ஸ்டாஃப் எதேச்சையா அந்த அம்மா கையைத் தொட்டுட்டு, ஏன் இவ்வளவு சில்லுன்னு இருக்குன்னு அவங்களே பிபி பார்த்தாங்க, 84/50. உள்ள ரத்தம் கசிஞ்சுட்டு இருந்திருக்கு. எனக்கு சத்தம் கேக்காததுக்கு என் காது மட்டும் காரணம் இல்ல, பிபி அவ்வளவு இறங்கியிருந்துச்சு. அந்த அம்மா பிழைச்சுக்கிட்டாங்க, அந்த ஸ்டாஃப் தொட்டுப் பார்த்ததால. அன்னைக்கு நான் வாங்கின திட்டு சரியான திட்டு. கேக்கலங்கிறதே ஒரு தகவல்மா, அதை மறைச்சா பேஷண்ட்டைப் பத்தின ஒரு உண்மையை மறைச்ச மாதிரி.

அதனால இப்படி பண்ணு. பேஷண்ட் கால் மேல கால் போட்டிருந்தா எடுக்கச் சொல்லு, பேசாம இருக்கச் சொல்லு, கை நெஞ்சு மட்டத்துல இருக்கட்டும். கஃப் சைஸ் பாரு, சின்னதா இருந்தா பிபி உள்ளதை விட அதிகமா காட்டும். ஸ்டெத்தை உடனே வைக்காத, மணிக்கட்டுல நாடியைப் பிடிச்சுக்கிட்டே காத்தடி, நாடி எங்க மறையுதோ அந்த நம்பரை மனசுல வச்சுக்கோ, காத்தை முழுசா இறக்கிடு. அரை நிமிஷம், ஒரு நிமிஷம் விட்டு ஸ்டெத் வச்சு அந்த நம்பருக்கு மேல 30 வரைக்கும் ஏத்தி, நொடிக்கு 2, 3 புள்ளி வேகத்துல மெதுவா இறக்கு. எங்க சத்தம் வரும்னு முன்கூட்டியே தெரியுறதால காது அங்க காத்துட்டு இருக்கும், கை நடுக்கமும் கம்மியாகும், நாடி பிடிச்ச கைக்கு ஒரு வேலை இருக்குல்ல. அப்பவும் கேக்கலன்னா இன்னொரு தடவை, அதுக்கும் மேல போகாத, "எனக்கு கேக்கல, நீங்க ஒரு தடவை பாருங்க"ன்னு சொல்லிடு.

மூச்சு எண்ணிக்கையும் இதே கதைதான். ஒரு வார்டு சார்ட்டை எடுத்துப் பாரு, எல்லாருக்கும் 18, 20ன்னு இருக்கும், ஊர்ல உள்ள எல்லாரும் ஒரே மாதிரி மூச்சு விடுறாங்களாக்கும். யாரும் எண்ணுறதில்ல, அதான் விஷயம். உடம்பு மோசமாகப் போகுதுன்னா பல நேரம் முதல்ல மாறுறது அந்த நம்பர்தான். பிரிட்டன்ல ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டுவந்து 2017ல திருத்தின நியூஸ் ஸ்கோர்ல, அதாவது பேஷண்ட் மோசமாகுறதை முன்கூட்டியே கண்டுபிடிக்க பாயிண்ட் போடுற முறையில, நிமிஷத்துக்கு மூச்சு 12ல இருந்து 20 வரைக்கும் பூஜ்யம், 25 ஆயிடுச்சுன்னா அது ஒண்ணுக்கே 3 பாயிண்ட், ஒரே விஷயத்துல 3 வந்தாலே உடனே வந்து பார்க்கணும்னு அவங்க முறை. நாடி பிடிக்கிற மாதிரியே கையை வச்சுக்கிட்டு, எண்ணுறேன்னு சொல்லாம, முழுசா ஒரு நிமிஷம் எண்ணு. சொல்லிட்டா அவங்க மூச்சு மாறிடும். ஸ்டூடண்ட்டுக்குத்தான் அந்த ஒரு நிமிஷம் இருக்கு, ஸ்டாஃபுக்கு பல நாள் இருக்கிறதில்ல, இதுல நீ அந்த வார்டுக்கே பிரயோஜனமா இருக்கலாம்.

மருந்து விஷயத்துல சுருக்கமா சொல்றேன், கிளாஸ்ல நிறைய சொல்லியிருப்பாங்க. சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம், பதிவு. பெட் நம்பரைப் பார்த்து கொடுக்காத, பெட் மாறும், பட்டையைப் பாரு, பேரை அவங்க வாயால சொல்லச் சொல்லு. கூட யாரும் இல்லாம மருந்து கொடுக்காத. இன்சுலின் யூனிட்டுக்கு வெறும் இங்கிலீஷ் "U" எழுத்து போட்டா 4U 40 மாதிரி தெரியும், யூனிட்னு முழுசா எழுதணும், 1.0ன்னு பூஜ்யம் சேர்த்து எழுதினா புள்ளி கண்ணுல படாம 10 ஆயிடும். கணக்கை வாய்விட்டு போடு. 500 மில்லி ட்ரிப்ஸ் 4 மணி நேரத்துல போகணும், ட்ரிப்ஸ் செட்ல மில்லிக்கு 20 சொட்டுன்னா 500ஐ 20ஆல பெருக்கி 240 நிமிஷத்தால வகுக்கணும், நிமிஷத்துக்கு 42 சொட்டு. வாய்விட்டு போட்டா பக்கத்துல நிக்கிறவங்க தப்பைப் பிடிச்சுடுவாங்க, மனசுக்குள்ள போட்டா யாரும் பிடிக்க முடியாது.

சரி, வாயில ஒண்ணும் வரலங்கிற பிரச்சனை. கேள்வி கேட்டா தெரியலன்னு நிக்கிறது ஒண்ணு, "இப்ப கையில இல்ல மேடம், பார்த்துட்டு பத்து நிமிஷத்துல சொல்றேன்"ங்கிறது வேற. ரெண்டாவதை மனப்பாடம் பண்ணிக்கோ. ஆனா பத்து நிமிஷத்துல கண்டிப்பா திரும்பிப் போய் சொல்லணும், அவங்க மறந்திருந்தாலும் சொல்லணும், ரெண்டு மூணு தடவை அப்படி திரும்பி வந்துட்டன்னா அந்த இன்ஸ்ட்ரக்டர் உன்னைப் பார்க்குற பார்வையே மாறும், நானே மாறியிருக்கேன். அதே மாதிரி இதுவரைக்கும் பண்ணாத வேலையைச் சொன்னா, "இதை நான் தனியா பண்ணதில்ல, நீங்க பக்கத்துல நின்னா பண்றேன்".

ஒரு பேஷண்ட்டுக்கு ஏதோ சரியில்லன்னு தோணி ஸ்டாஃப்கிட்ட சொல்லப் போறப்ப வார்த்தை திக்கும், எல்லாருக்கும் திக்கும். அதுக்குத்தான் எஸ்பார்னு ஒரு முறை இருக்கு, அமெரிக்கக் கடற்படையில நீர்மூழ்கிக் கப்பல்காரங்ககிட்ட இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தது, நிலைமை, பின்னணி, நான் பார்த்தது, என்ன வேணும், இந்த நாலும் இதே வரிசையில. "பெட் எட்டுக்கு மூச்சு வாங்குது. நிமோனியாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி அட்மிட் ஆனவர். காலையில மூச்சு 18, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) 96 இருந்துச்சு, இப்ப எண்ணினேன் 28, சாச்சுரேஷன் 90, உக்கார வச்சிருக்கேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." சொல்ல இருபது வினாடி ஆகுமா? முதல்ல தாள்ல நாலு வரியா எழுதிக்கிட்டு போய் படிச்சே சொல்லு, யாரும் சிரிக்க மாட்டாங்க. ரொம்ப மூச்சு திணறுதுன்னா எழுதவெல்லாம் நிக்காத, பெல்லை அடிச்சு சத்தமா ஆளைக் கூப்பிடு, அவரை விட்டு நகராத.

இன்ஸ்ட்ரக்டர் விஷயம். பேஷண்ட் முன்னாடி ஸ்டூடண்ட்டைத் திட்டுறது தப்பு, நானும் அந்த நாற்காலியில உக்காந்தவதான், அதனால தைரியமா சொல்றேன். உன்னை அவமானப்படுத்துறது ஒரு பக்கம், அந்த பேஷண்ட் அடுத்த தடவை உன் கையை நம்பி நீட்டுவாரா? ஆனா நீ செய்ய வேண்டியது, ஒரு நாள் ஷிஃப்ட் முடிஞ்சு அவங்க கொஞ்சம் ஓய்வா இருக்கிறப்ப போய் "இந்த வாரம் நான் சரி பண்ண வேண்டிய ரெண்டு விஷயம் சொல்லுங்க மேடம்"னு கேளு. ரெண்டுன்னு நம்பர் சொல்லிக் கேளு, பொதுவா எப்படி இருக்கேன்னு கேட்டா பொதுவாத்தான் பதில் வரும். பெரும்பாலானவங்க இதுல இறங்கி வந்துடுவாங்க. இதுக்கப்புறமும் வாராவாரம் எல்லார் முன்னாடியும் நடந்தா, தேதி, என்ன சொன்னாங்கன்னு எழுதி வச்சு கோர்ஸ் கோ-ஆர்டினேட்டர்கிட்ட போ. சகிச்சுக்கிட்டே இருக்கிறது பாடத்திட்டத்துல இல்ல.

கூட படிக்கிறவங்க தைரியமா இருக்காங்கன்னு சொன்ன. நான் இன்னொரு பக்கத்துல இருந்து பார்க்குறவ, ஒரு ரகசியம் சொல்றேன், என்னை ராத்திரி தூங்க விடாத ஸ்டூடண்ட் கை நடுங்குறவ இல்ல, ஒரு கேள்வி கூட கேக்காம எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஓடுறாளே அவதான். பாட்ரிசியா பென்னர்னு அமெரிக்க நர்சிங் அறிஞர் 1984லயே எழுதினாங்க, ஒரு நர்ஸ் கத்துக்குட்டியில இருந்து கைதேர்ந்தவளா ஆக அஞ்சு படி இருக்குன்னு. நீ முதல் படியில நிக்கிற, முதல் படியில இருக்கிறவங்களுக்கு விதியும் பட்டியலும் தேவைப்படும், அதனாலதான் இவ்வளவு தாள் கதை சொல்றேன். அழுகை வர்றதுல தப்பில்ல, அழுதுட்டு முகம் கழுவிட்டு வார்டுக்கு வந்தல்ல. ஆனா தூக்கம் போய், காலையில கிளம்பும்போதெல்லாம் வாந்தி வர்ற மாதிரி வாரக்கணக்குல இருந்தா அது போஸ்டிங் பயம் மட்டும் இல்ல, காலேஜ் கவுன்சிலரையோ டாக்டரையோ பாரு, தள்ளிப் போடாத.

வீட்டுல ரொம்ப ஒண்ணும் பண்ண வேண்டாம். முந்தின நாள் ராத்திரியே ரெண்டு பேனா, வினாடி முள் இருக்கிற வாட்ச், மடிச்ச தாள் பையில இருக்கட்டும். அன்னைக்கு பார்த்த ஒரே ஒரு வியாதி, ஒரே ஒரு மருந்து, கால் மணி நேரம் படி, பார்த்த முகத்தோட சேர்ந்து படிச்சது மறக்காது. வேலையை விடலாமாங்கிற கேள்விக்கு இப்ப பதில் சொல்லாத, இந்த தாளை ரெண்டு வாரம் வச்சுப் பார்த்துட்டு அப்புறம் எழுது.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஸ்டெத்தை காதுல மாட்டும்போது அந்த முனை ரெண்டும் முன்னால, மூக்குப் பக்கம் பார்த்து இருக்கான்னு பாரு, அப்புறம் நெஞ்சுல வைக்கிற வட்டத்தை விரலால தட்டிப் பாரு, சத்தம் வரலன்னா வட்டம் மறுபக்கம் திரும்பியிருக்கு, ஒரு திருப்பு திருப்பினா வந்துடும். நான் முதல் மாசம் பூரா முனையைத் திருப்பித்தான் மாட்டிட்டு இருந்தேன், யாரும் சொல்லல.